விசிலா? புல்லாங்குழலா?

1971-ஆம் ஆண்டு. அயர்லாந்தைச் சேர்ந்த ஃபின்பார் ஃப்யூரி என்னும் இசைக் கலைஞர் ஊர் ஊராகச் சென்று கச்சேரி செய்துகொண்டிருந்தார். அவர் பெரிதும் போற்றி வைத்திருந்த மூங்கில் விசில் ஒன்று அந்தப் பயணத்தில் உடைந்துபோயிற்று. அது நம் இந்தியாவில் செய்யப்பட்டது! இங்கிலாந்தில் குழல்கள் செய்துவந்த பெர்னார்ட் ஓவர்ட்டன் என்பவர் அதைச் சரிசெய்ய முயன்றார், முடியவில்லை. எனவே ஓர் அலுமினியக் குழாயை எடுத்து, அதில் துளைகள் இட்டு, மூங்கில் விசிலைப் போலவே ஒன்றைச் செய்து பார்த்தார். இன்று பல நாடுகளில் வாசிக்கப்படும் 'லோ விசில்' இப்படித்தான் பிறந்தது.

'லோ' என்றால் தாழ்ந்த என்று பொருள். தாழ்ந்த சுருதியில் ஒலிப்பதால் அந்தப் பெயர்.

அயர்லாந்தில் பள்ளிப் பிள்ளைகள் பலர் முதலில் கற்கும் வாத்தியம் 'டின் விசில்'. ஏறத்தாழ 30 செ.மீ. நீளமுள்ள மெல்லிய குழாய், ஆறு துளைகள், நுனியில் வாய் வைத்து ஊத வேண்டும். பறவையின் குரல்போல் உச்சத்தில் ஒலிக்கும். இதை ஓரிரண்டு ஆண்டுகள் வாசித்த மாணவனுக்கு, இன்னும் ஆழ்ந்த குரலில் வாசிக்க வேண்டும் என்ற ஆசை வருவது இயல்பு. அப்போது அவன் முன் இரண்டு வழிகள் தோன்றும். ஒன்று, லோ விசில். மற்றது, அயர்லாந்துக் கலைஞர்கள் வாசிக்கும் மரப் புல்லாங்குழல்.

இரண்டிலும் விரலால் மூடும் துளைகள் ஆறுதான். விரல் வைக்கும் முறையும் ஒன்றே. அதே பாட்டுகளை இரண்டிலும் வாசிக்கலாம். பிறகு எதை வாங்குவது? தவறாகத் தேர்ந்தெடுத்தால் பெற்றோரின் பணம் மட்டுமல்ல, பல மாதப் பயிற்சியும் வீணாகிவிடும். இந்தக் கேள்விக்கு இயற்பியல் என்ன விடை சொல்கிறது என்று பார்ப்போமா?

நீளம் சொல்லும் சுருதி

விசிலும் புல்லாங்குழலும் இரு புறமும் திறந்த குழாய்கள். அவற்றினுள் அதிர்வது காற்றுத் தம்பம். திறந்த குழாயின் அடிப்படை ஒலியில், குழாயின் நீளம் அலைநீளத்தில் பாதியாக இருக்கும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அதைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போடலாம்.

லோ விசிலின் எல்லாத் துளைகளையும் மூடி ஊதினால் கிடைக்கும் ஒலியின் அதிர்வெண் ஏறத்தாழ 294 ஹெர்ட்ஸ். நம் ஊர்ப் பாடகர்கள் 2 கட்டை என்று சொல்வது இந்தச் சுருதியைத்தான். காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர் (20° செ. வெப்பநிலையில்). எனவே அலைநீளம் 343 ÷ 294 = 1.17 மீட்டர். அதில் பாதி ஏறத்தாழ 58 செ.மீ. காற்றுத் தம்பம் குழாயின் முனைகளுக்குச் சற்று வெளியேயும் நீண்டு அதிர்வதால், குழாய் இதைவிடச் சிறிது குட்டையாக இருந்தால் போதும்.

இந்தக் கணக்கு விசிலுக்கும் பொருந்தும், புல்லாங்குழலுக்கும் பொருந்தும். சுருதியில் வேறுபாடு இல்லை என்றால், வேறு எங்கே இருக்கிறது? வாய் வைக்கும் இடத்தில்!

பேனா மூடிச் சோதனை

ஒரு பேனா மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நுனியில் துளை இருந்தால் விரலால் அடைத்துவிடுங்கள். திறந்த வாயைக் கீழுதட்டின் அருகே வைத்து, குறுக்காக ஊதுங்கள். முதலில் 'உஸ்' என்று காற்றுத்தான் வரும். மூடியைச் சற்றுச் சாய்த்துச் சாய்த்து ஊதிப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் 'கீ' என்று ஒலி பிறக்கும். கோணம் சிறிது மாறினாலும் ஒலி மறைந்துவிடும்.

என்ன நடக்கிறது? உங்கள் உதடுகளின் இடையிலிருந்து மெல்லிய காற்றுத் தாரை புறப்பட்டு எதிர் விளிம்பில் மோதுகிறது. ஒரு கணம் அது உள்ளே பாய்கிறது. மறு கணம் வெளியே விலகுகிறது. இப்படி மாறி மாறி ஊசலாடும் தாரை உள்ளிருக்கும் காற்றை அதிரச் செய்கிறது. அதிரும் காற்று தாரையைத் தன் தாளத்துக்கு ஆட்டுகிறது. 294 ஹெர்ட்ஸ் சுரத்துக்குத் தாரை விநாடிக்கு 294 முறை உள்ளும் வெளியும் போய்வர வேண்டும். தாரை சரியான வேகத்தில், சரியான இடத்தில் விளிம்பைத் தொட்டால்தான் இது நடக்கும்.

புல்லாங்குழலில் இந்தத் தாரையை உருவாக்குவது வாசிப்பவரின் உதடு. விசிலிலோ, வாய்ப்பகுதியிலேயே ஒரு குறுகிய காற்று வழி அமைக்கப்பட்டிருக்கிறது. அது காற்றை நேரே விளிம்பின்மேல் கொண்டுபோய் விடுகிறது. அதாவது, விசிலுக்கு உதட்டைச் செய்து கொடுத்தவர் அதைச் செய்த தொழிலாளி! அதனால்தான் எந்தக் குழந்தை ஊதினாலும் விசில் உடனே ஒலிக்கிறது.

எளிமைக்கு ஒரு விலை

அப்படியானால் விசில்தானே சிறந்தது என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

ஊதும் வலிமையைக் கூட்டினால் ஒலி உரத்து வரும். கூடவே சுருதியும் சிறிது ஏறும். குறைத்தால் சுருதி இறங்கும். புல்லாங்குழல் வாசிப்பவர் உதட்டைச் சற்று நகர்த்தியோ குழலைச் சிறிது உருட்டியோ இதைச் சரிசெய்துகொள்வார். ஆகவே அவரால் ஒரே சுரத்தை மெல்லவும் உரக்கவும் ஊத முடியும். விசிலில் காற்று வழி அசையாது. காற்றின் வலிமை ஒன்றே வாசிப்பவரின் கையில் இருக்கிறது.

மேல் ஸ்தாயிக்குப் போகும்போதும் இதே கதைதான். அதிர்வெண் இரு மடங்காக வேண்டுமானால், தாரை விளிம்பை விரைவில் அடைய வேண்டும். புல்லாங்குழல் வாசிப்பவர் உதட்டைத் துளைக்கு அருகில் கொண்டுவந்து தாரை செல்லும் தூரத்தையே குறைக்கலாம். விசிலில் தூரம் மாறாது. எனவே வேகமாக ஊதுவது ஒன்றே வழி. விசிலின் கீழ்ச் சுரங்கள் மென்மையாகவும் மேல் சுரங்கள் உரத்தும் கேட்பதற்குக் காரணம் இதுவே.

வேறு தொல்லைகளும் உண்டு. லோ விசிலின் துளைகள் ஒன்றுக்கொன்று எட்ட இருப்பதால், பலர் விரல் நுனியால் மூடாமல் விரலின் நடுப்பகுதியால் மூடப் பழகுகிறார்கள். அயர்லாந்தின் துருத்தி வாத்தியக்காரர்களிடமிருந்து வந்த பிடிமுறை இது. மூச்சிலுள்ள ஈரம் குறுகிய காற்று வழியில் துளிகளாகப் படிந்து அடைத்துக்கொள்வதும் உண்டு. அதனால் வாசிக்கும் முன் விசிலின் தலையைக் கையால் பொத்திச் சூடாக்கிக்கொள்வார்கள்.

புல்லாங்குழலின் தொல்லை வேறு வகை. முதல் நாள்களில் ஒலியே வராமல் போகலாம். ஒலி வரவேண்டும் என்று விடாமல் ஊதுவதால் இரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைந்து தலை சுற்றும். அப்போது குழலைக் கீழே வைத்துவிட்டுச் சற்று ஓய்வெடுத்தால் சரியாகிவிடும்.

மரமா, உலோகமா?

"மரக்குழலின் இனிமை அலுமினியத்துக்கு வருமா?" என்று பலர் கேட்பார்கள். 1971-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க இயற்பியலாளர் ஜான் கோல்ட்மன் இதைச் சோதித்து வெளியிட்டார். வெள்ளி, தாமிரம், மரம் ஆகியவற்றில் உள்ளளவு ஒரே மாதிரியான மூன்று குழல்களைச் செய்து, கண்ணில் படாமல் வாசிக்கச் செய்தார். கேட்டவர்களால் எது எதுவென்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதிர்வது உள்ளிருக்கும் காற்று. குழாயின் சுவர் அன்று. எனவே பொருளைப் பார்த்து மயங்க வேண்டாம். துளைகளும் விளிம்பும் எவ்வளவு திருத்தமாக அமைந்துள்ளன என்று பாருங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

"முதலில் விசில், பிறகு புல்லாங்குழல்" என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. இதில் பாதி உண்மை. விசிலில் பழகிய விரல்கள் புல்லாங்குழலிலும் உதவும், பாட்டுகளும் உதவும். ஆனால் உதடு? பத்து ஆண்டு விசில் வாசித்தவரின் உதடும் புல்லாங்குழலுக்குப் புதியதே. ஏனெனில் அதன் வேலையை இத்தனை நாளும் காற்று வழியே செய்துவந்திருக்கிறது.

ஆகவே அந்த மாணவன் தன்னைத் தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். "காற்றுத் தாரையை ஆளும் வேலையை நானே ஏற்றுக்கொள்ளப் போகிறேனா, கருவியிடம் விட்டுவிடப் போகிறேனா?" இந்த மாதமே நண்பர்களோடு சேர்ந்து பாட்டு வாசிக்க வேண்டும், விசிலின் ஏக்கம் தோய்ந்த குரல் பிடித்திருக்கிறது என்றால், லோ விசில். சில மாதங்கள் 'உஸ்' என்ற ஒலியைப் பொறுத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொரு சுரத்தையும் தன் விருப்பப்படி வளைக்க வேண்டும் என்றால், புல்லாங்குழல்.

கடைக்குப் போகும் முன் பேனா மூடியை இன்னொரு முறை ஊதிப் பார்ப்பதும் நல்லது. ஒலி வரும் கோணத்தைத் தேடித் தேடிக் கண்டுபிடிப்பதில் உங்களுக்குச் சலிப்பு வருகிறதா, மகிழ்ச்சி வருகிறதா? செலவில்லாத அந்தச் சோதனையே பாதி விடையைச் சொல்லிவிடும்.