‘போதும்’ என்று சொல்ல ஒரு ஆள்

மதுரையைச் சுற்றி மலைகளுக்குக் குறைவில்லை. வடகிழக்கே யானைமலை, மேற்கே நாகமலை, தென்மேற்கே திருப்பரங்குன்றம், வடக்கே அழகர்மலை, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் சிறுமலை. இருந்தும் மலைத்தடத்தில் ஐம்பது கிலோமீட்டர் ஓடிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்ட மதுரைக்காரர் கடைசியில் வந்து நிற்கிற இடம் மாட்டுத்தாவணிதான்.

ஞாயிற்றுக்கிழமை இரவு பெங்களூரு வண்டிகளில் இடம் கிடைப்பது பெரும்பாடு. வியாழக்கிழமை அப்படியில்லை. மழைக்காலம் ஓய்ந்து வரும் நாட்களில், ஆம்னி பஸ் நிலையத்தில் வியாழன் இரவு நான்கைந்து பேர் சேர்ந்து நிற்பார்கள். தோளில் ஒட்டிய மாதிரி தண்ணீர்ப் பை, மண் காயாத ஷூ, இட்லிப் பொடி தடவிய இட்லிப் பொட்டலம். கேட்டால் சிக்கமகளூரு என்பார்கள். பெங்களூருவில் விடிந்து, அங்கிருந்து இன்னும் ஐந்து மணி நேரம் போக வேண்டும். அங்கே காபித் தோட்டங்களுக்குள் 2016 முதல் ‘மல்நாடு அல்ட்ரா’ என்ற ஓட்டம் நடக்கிறது. ஐம்பது, நூறு கிலோமீட்டர் என்று பிரிவுகள். தார்ச்சாலை கொஞ்சம்தான், மற்றதெல்லாம் எஸ்டேட் ஜீப் தடம், ஒற்றையடிப் பாதை, சேறு.

மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். அதைத் தாண்டிய தூரம் எதுவானாலும் அல்ட்ரா. அதை மலையிலும் காட்டுப் பாதையிலும் ஓடினால் ட்ரெயில் அல்ட்ரா. இந்த விளையாட்டின் பிறப்புக் கதைகளில் மிகவும் பேசப்படுவது ஒரு குதிரையில் தொடங்குகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மலைகளில் ‘டெவிஸ் கப்’ என்று நூறு மைல் குதிரைப் போட்டி ஒன்று உண்டு. 1973இல் கோர்டி எய்ன்ஸ்லி என்பவரின் குதிரை பாதி தூரம்கூடப் போகாமல் கால் நொண்டிவிட்டது. அடுத்த ஆண்டு அவர் குதிரையே இல்லாமல் வந்தார். அதே 161 கிலோமீட்டரைக் கால்நடையாக ஓடி, 23 மணி 42 நிமிடத்தில் முடித்தார். இன்றைய ‘வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ்’ ஓட்டம் அதிலிருந்து வளர்ந்தது.

இந்தக் கதையில் எல்லோரும் எய்ன்ஸ்லியின் நெஞ்சுறுதியைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் குதிரைப் போட்டியின் விதி ஒன்றே பெரிதாகப் படுகிறது. வழியில் பல இடங்களில் கால்நடை மருத்துவர்கள் நிற்பார்கள். குதிரையின் நாடித்துடிப்பைப் பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். சரியில்லை என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். மேலே உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு மன்றாடினாலும் விடமாட்டார்கள். ‘இனி முடியாது’ என்று குதிரையால் சொல்ல முடியாது, அதனால் வேறொருவர் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்து மணி நேரம் ஓடிய மனிதரும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருக்கிறார். நண்பர்களோடு இந்த ஓட்டத்துக்குப் போவது பேச்சுத் துணைக்காக மட்டும் இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

உடம்பின் கணக்கைப் பாருங்கள். ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. அறுபது கிலோ எடையுள்ளவர் ஐம்பது கிலோமீட்டர் சமதளத்தில் ஓடினாலே மூவாயிரம் கலோரி. மலையேற்றம் அதற்கு மேல். தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து சுமார் இரண்டாயிரம் கலோரிக்குத்தான் வரும். மீதியைக் கொழுப்பிலிருந்து மெதுவாகவும், வழியில் சாப்பிடுவதிலிருந்தும் எடுக்க வேண்டும். மணிக்கு முப்பது முதல் அறுபது கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. ஆனால் நாலைந்து மணி நேரத்துக்குப் பிறகு வாய் எதையும் ஏற்காது, இனிப்பைப் பார்த்தாலே குமட்டும். சர்க்கரை குறையக் குறைய முதலில் மங்குவது கால் அல்ல, மூளை. ‘சாப்பிட வேண்டும்’ என்று நினைவூட்ட வேண்டிய மூளையே பசியில் கிடக்கிறது. அப்போது பக்கத்தில் ஓடுகிறவர், “மாப்ள, கடைசியா எப்ப சாப்ட்ட?” என்று கேட்டு, கடலைமிட்டாயைக் கையில் திணிக்க வேண்டும்.

கடலைமிட்டாயைச் சும்மா சொல்லவில்லை. வெளிநாட்டு ஜெல் பாக்கெட்டுகளை முதல் சில மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். தூரம் கூடும்போது வயிறு பழகிய பண்டம்தான் தங்கும். உப்புத் தொட்ட அவித்த உருளைக்கிழங்கு, ஆரஞ்சு, வாழைப்பழம் எல்லாம் வழியில் உணவும் தண்ணீரும் தருகிற எய்டு ஸ்டேஷன்களில் கிடைக்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் புளியோதரையை எலுமிச்சை அளவு உருண்டையாகப் பிடித்து எடுத்துப் போகிறார்கள். புளிப்பும் உப்பும் சேர்ந்து இருபதாவது கிலோமீட்டரிலும் வாயில் இறங்குகிறது. தண்ணீரில்தான் ஏமாந்துபோகிறோம். வெயில் ஊரில் வளர்ந்த நாம் ‘நிறையக் குடி’ என்றே கேட்டு வளர்ந்தவர்கள். உப்பில்லாமல் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, வாந்தி, குழப்பம், முற்றினால் வலிப்பு. பார்ப்பதற்கு நீர்ச்சத்துக் குறைவு மாதிரியே இருப்பதால், விவரம் தெரியாதவர் இன்னும் தண்ணீரைக் கொடுத்துவிடும் ஆபத்து உண்டு. தாகத்துக்குக் குடிப்பதும், ஓஆர்எஸ் கையில் வைத்திருப்பதும்தான் வழி. ஓட்டத்தின் நடுவில் வலிமாத்திரை போடுவதும் ஆபத்துதான். ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தின் மேல் இன்னொரு சுமை.

இதற்கெல்லாம் பயிற்சி மதுரையில்தான் நடக்கிறது. நான்கரை மணி இருட்டில் வண்டியூர் கண்மாய்க்கரையில் கூடுகிறார்கள். அந்த நேரத்தில் தனியாக ஓடுவது ஒரு பெண்ணுக்கு இன்னும் இந்த ஊரில் எளிதாக இல்லை. நாய்கள் ஒரு பக்கம், மனிதர்கள் ஒரு பக்கம். நாலு பேர் சேர்ந்தால் வீட்டில் அனுப்புகிறார்கள். “மதினி வர்றாங்கள்ல, அப்ப போ” என்ற ஒரு வாக்கியத்தில் எத்தனையோ பெண்களின் ஓட்டம் தொடங்கியிருக்கிறது. ஒத்தக்கடை தாண்டி நரசிங்கம் பக்கம் போனால் யானைமலை அடிவாரத்தில் மண்பாதை. மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாய்க் கரை, விட்டால் ஓடிக்கொண்டே இருக்கலாம். ஞாயிறுகளில் அழகர்கோயில். கோட்டை வாசலில் தொடங்கி பழமுதிர்சோலை, அதற்கு மேல் நூபுரகங்கை வரை ஏற்றம். வேர்க்க வேர்க்க ஏறுவதை எல்லோரும் பெரிதாக நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே கற்க வேண்டியது இறக்கம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது, அதில்தான் தசை நார்கள் நுண்ணிதாகக் கிழிகின்றன. ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றவர் நிமிடத்தில் சரியாகிவிடுவார். இறக்கத்தில் தொடை போனவர் அன்றைக்கு மீளமாட்டார். மதுரை கடல் மட்டத்திலிருந்து நூற்றுச் சொச்சம் மீட்டர்; சிக்கமகளூரு ஆயிரத்துக்கு மேல். அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட அழகர்மலையில் இறங்கி ஏறி இறங்குவதைத் தவிர குறுக்குவழி கிடையாது.

பஸ்ஸில் ஏறிய பிறகு, விளக்கை அணைக்கும் முன் பேசி முடிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாளை மறுநாள் சேர்ந்து ஓடப் போகிறோமா, அவரவர் வேகத்திலா? ஒருவர் பின்தங்கினால் மற்றவர் நிற்பதா? எந்த நிலை வந்தால் நிறுத்திக்கொள்வது? இதைப் பேசுவது அபசகுனம் என்று தள்ளிப்போடுகிற குழுக்களைப் பார்த்திருக்கிறேன். ஓடும்போது பேசிக்கொள்ளலாம் என்பார்கள். அப்போது பேச மூளை இருக்காது. எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். கூட வருகிறவர் மூன்று கேள்வி கேட்பார்: இது எத்தனாவது கிலோமீட்டர், அடுத்த எய்டு ஸ்டேஷன் எங்கே, கடைசியாக ஒன்றுக்குப் போனது எப்போது. பதில் தடுமாறினால் உட்கார்ந்துவிட வேண்டும். எதிர்வாதம் செய்யக்கூடாது. ஆனால் கேள்விகளைவிட நம்பகமானது பழக்கம். சாதாரணமாக ஓயாமல் வாயடிக்கிற நண்பர் ஒருவர், தோட்டத்துக்குள் நீளமான ஏற்றம் ஒன்றில் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டார். மருத்துவக் குழு பார்த்திருந்தால் களைப்பு என்றுதான் நினைத்திருக்கும். அவரைப் பள்ளிக்கூட நாளிலிருந்து அறிந்தவர் அரை நிமிடத்தில், “டேய், இவன் சரியில்ல” என்றார். உட்காரவைத்து, உப்பும் சர்க்கரையும் உள்ளே போய், உடம்பைப் போர்த்திய பிறகு முதலில் வந்தது வழக்கமான ஒரு வசவு. அதைக் கேட்டதும் எல்லோருக்கும் உயிர் வந்தது.

காபித் தோட்டத்தின் அழகைச் சொல்லாமல் விட மனமில்லை. நிழல் மரங்களின் மேல் மிளகுக்கொடி ஏறியிருக்க, அடியில் அரபிகா செடிகள் சிவக்கத் தொடங்கும் காலம் அது. பதினேழாம் நூற்றாண்டில் பாபா புடன் என்ற சூஃபி பெரியவர் ஏமன் நாட்டிலிருந்து ஏழு காபிக் கொட்டைகளை மறைத்துக் கொண்டுவந்து இந்த மலைகளில்தான் விதைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுகிற செய்தி. காலையில் பனி மூடியிருக்கும். பத்தடி முன்னால் போகிறவர் நிழலாகத்தான் தெரிவார். ஈரம் மிச்சமிருந்தால் அட்டை ஏறும். சாக்ஸை இழுத்துவிட்டு, கையோடு உப்புப் பொட்டலம் வைத்துக்கொள்ள வேண்டும். யானை நடமாட்டம் உள்ள பகுதி என்பதால் தடக்குறியை விட்டு விலகவே கூடாது. நூறு கிலோமீட்டர்காரர்களுக்கு இரவும் சேர்ந்துகொள்கிறது. ஹெட்லாம்ப் வெளிச்சம் விழுகிற வட்டம்தான் அப்போது உலகம், அதற்கு வெளியே பூச்சிகளின் சத்தம் மட்டும்.

குளிரை நாம் மதிப்பதில்லை. சித்திரை வெயிலில் நடக்கிறவர்களுக்குக் குளிர் ஒரு சுகமாகவே தெரியும். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்ததை ஒவ்வொரு குழுவும் படித்துவிட்டுப் போவது நல்லது. மஞ்சள் ஆற்றங்கரைக் கற்காடுகளில் நூறு கிலோமீட்டர் மலைத்தட ஓட்டம், 172 பேர் கலந்துகொண்டார்கள். நடுவே ஒரு நீண்ட ஏற்றத்தில் திடீரென்று ஆலங்கட்டியும் உறைபனி மழையும் சூறைக்காற்றும் பிடித்துக்கொண்டன. காற்றுத் தடுப்பு மேல்சட்டை கட்டாயப் பட்டியலில் இல்லை. பலர் அரைக்கால் சட்டையோடு இருந்தார்கள். 21 பேர் இறந்தார்கள். சீனாவின் மிகச் சிறந்த அல்ட்ரா வீரர்களில் ஒருவரான லியாங் ஜிங்கும் அவர்களில் ஒருவர். ஜூ கெமிங் என்ற ஆட்டிடையர், தான் ஒதுங்கியிருந்த குகைக்கு ஆறு பேரைக் கூட்டி வந்து தீமூட்டிக் காப்பாற்றினார். உயிரோடு திரும்பியவர்களில் பலர், முன்னே போக முடியாது என்று பார்த்துத் திரும்பி இறங்கியவர்கள்.

நமக்கு இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைக் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக்காரர்களில் பலரை மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதன் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 தடங்களை அரசே வழிகாட்டிகளோடு திறந்தது; காட்டுத்தீ காலத்தில் அவற்றை மூடிவிடுகிறார்கள். திருவில்லிபுத்தூர்–மேகமலை 2021இல் புலிகள் காப்பகமானது. பக்கத்திலேயே மலை இருக்க சிக்கமகளூரு வரை போவானேன் என்று ஓட்டக்காரர்கள் அங்கலாய்ப்பதைக் கேட்கிறேன். காடு காட்டு விலங்குக்கு இருக்கட்டும். நூற்றுக்கணக்கான பேர் விளக்கோடு இரவில் ஓடுகிற இடமாக மேகமலை ஆக வேண்டியதில்லை.

ஆனால் சமவெளி இருக்கிறது. பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிடப்பட்ட தண்ணீர், வைகையில் இறங்கி, பேரணையில் பிரிந்து மேலூர்ப் பக்கம் வரை வருகிற கால்வாயின் கரை, ஓட்டக்காரருக்கு இயற்கையே போட்டுத் தந்த தடம் போல நீளமானது. அதிலிருந்து கண்மாய் விட்டுக் கண்மாய் தாவினால் ஐம்பது கிலோமீட்டர் சேர்வது கடினமில்லை. அதே மேலூர்ப் பக்கம், ஏழு குன்றுகளும் ஏராளமான குளங்களும் உள்ள அரிட்டாபட்டி, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமானது. அந்த மண்ணில் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று சுற்றுவட்டார மக்கள் நடந்தே மதுரைக்குள் வந்து, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. சமணப் படுக்கைகளையும் பாறைக் கல்வெட்டுகளையும் மிதிக்காமல், ஊர்க்காரர்களின் சம்மதத்தோடு, கரையோடு மட்டும் போகிற ஒரு தடத்தை அமைக்க முடியும். நீர்வளத் துறையும் ஊராட்சிகளும் ஒத்துழைக்க வேண்டும்.

நடத்தத் தெரிந்தவர்களுக்கும் இந்தப் பக்கம் பஞ்சமில்லை. தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடக்கிறவர்களுக்கு இந்த வட்டாரம் செய்வதைப் பாருங்கள். சாலையோரப் பந்தலில் அன்னதானம், நீர்மோர், கால் கழுவ வெந்நீர், கொப்புளத்துக்கு மருந்து, இருட்டில் நடப்பவர் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர். யாருக்குக் காய்ச்சல், யார் இனி நடக்கக் கூடாது என்று முகத்தைப் பார்த்தே சொல்லி வண்டியில் ஏற்றிவிடுகிற குருசாமிகள் ஒவ்வொரு குழுவிலும் இருக்கிறார்கள். மார்கழி கழிந்து தை பிறக்கும் நாட்களில், குளிர் விடாத விடியலில், மேலூர் கால்வாய்க் கரையில் அப்படி ஒரு ஓட்டம் தொடங்கினால், எய்டு ஸ்டேஷனில் நிற்க நான் முதலில் கேட்கப் போவது அவர்களைத்தான்.