சிங்கராஜ வனத்தில் ஓர் இரவு

"காட்டுக்குள்ள போய் ராத்தங்கிறதோ? அதுக்குக் காசும் குடுத்தோ?"

வவுனியாவிலிருந்து வந்திருந்த அக்கா இப்படிக் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அவர் பிறந்தது இரக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றில். 1977 வன்செயலின்போது அவருக்கு ஏழு வயது. லயத்துக்குத் தீ வைத்த இரவில் தாயார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தோட்டத்துக்கு மேலேயிருந்த காட்டுக்குள் ஒளித்திருக்கிறார். அதன்பின் வவுனியா, அங்கும் காடு வெட்டித்தான் குடியிருப்பு. பிறகு யுத்தம், பதுங்குகுழி, 2009, முகாம். காட்டில் இரவு தங்குவது அவருக்குப் புதிதல்ல. விரும்பிப் போய்த் தங்குவதுதான் புதிது.

இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் மகளிர் குழுக்களோடு வேலை செய்பவள் நான். மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகளை வட்டமாகப் போட்டு, "மனதில் உள்ளதைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் யாரும் சொல்வதில்லை என்பதை எனக்குச் சமூகவியல் பட்டம் கற்றுத்தரவில்லை, அனுபவம் கற்றுத்தந்தது. அதனால்தான் இந்த யோசனை. குழுவில் 11 பேர், வவுனியா உறவினர் 3 பேர், நான்.

அரசாங்கக் காடுகளுக்குள் பங்களாக்கள் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். அவை வெள்ளைக்காரர் காலத்துப் பழக்கம். காடு பார்க்கச் சுற்றிவரும் அதிகாரிகள் இரவு தங்குவதற்காகக் கட்டியவை. அதனால்தான் சுற்றுலா பங்களா என்று பெயர். இன்று அப்படிப்பட்ட விடுதிகள் பலவற்றைப் பொதுமக்களும் வாடகைக்கு எடுக்கலாம். துரைமாருக்கும் வெளிநாட்டவருக்கும் மட்டுமே உரியவை என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறோம்.

சிங்கராஜ வனத்தின் குடாவ வாசலருகே வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் விடுதிகள் உள்ளன. முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். தலைமை அலுவலகம் பத்தரமுல்லையில் இருக்கிறது. கட்டணம் அவ்வப்போது மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள். குழுவாக எடுத்தால் தலைக்கு வரும் செலவு குறையும். நாங்கள் ஆறு மாதம் சீட்டுப் பிடித்துச் சேர்த்தோம்.

பணத்தைவிடப் பெரிய பிரச்சினை படிவத்தில் வந்தது. குழுப் பொறுப்பாளர் யார்? "மிஸ், நீங்களே போடுங்க" என்றார்கள். ஒருத்தி தன் கணவர் பெயரைப் போடலாம் என்றாள், அவர் வரப்போவதே இல்லை! நான் மறுத்துவிட்டேன். ஒரு மணி நேரம் இழுபறி. கடைசியில் 23 வருடமாகக் கொழுந்தெடுக்கும் ஒரு சகோதரி தன் அடையாள அட்டை இலக்கத்தை எழுதி, தமிழில் கையெழுத்து வைத்தார். பேனாவைத் திருப்பித் தரும்போது அவர் விரல்கள் நடுங்கின.

இரத்தினபுரியிலிருந்து நிவித்திகலை, கலவானை, வெத்தாகலை வழியாகப் போனோம். அரிசி, பருப்பு, கருவாடு, மெழுகுதிரி எல்லாம் கையோடு. விடுதிப் பொறுப்பாளர் வெளியே வந்து சிங்களத்தில், யார் தலைவர் என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கருவாட்டுப் பையை இறக்குவதில் மும்முரமாக இருந்தேன். அந்தச் சகோதரி முன்னே போய், தனக்குத் தெரிந்த சிங்களத்தில் "மம தமய்" என்றார். நான்தான் என்று அர்த்தம்.

காட்டுக்குள் வழிகாட்டி இல்லாமல் போக முடியாது. அட்டையோ சொல்லவே வேண்டாம். வவுனியாக்காரர் குதித்தார்கள். எங்கள் தோட்டப் பெண்கள் சவர்க்காரத்தைக் காலில் தேய்த்துக் காட்டி, "அட்டைக்கா பயப்புடுறீங்க, அக்கா?" என்று கேலி செய்தார்கள். மரத்தில் சுற்றியிருந்த வெனிவெல் கொடியை வழிகாட்டி காட்டியதும், காய்ச்சலுக்கு அதை அவித்துக் குடித்த கதைகள் கிளம்பின. இந்தக் காட்டு மரங்களில் பாதிக்கு மேற்பட்ட இனங்கள் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லையாம்.

நாங்கள் நடந்த அகலமான பாதைக்கும் ஒரு கதை உண்டு. 1875இல் இந்தக் காட்டின் பெரும்பகுதி முடிக்குரிய நிலமாக அறிவிக்கப்பட்டது. தரிசு நிலம், முடிக்குரிய நிலம் என்று வெள்ளைக்காரர் போட்ட சட்டங்களால்தான் மலைக்காடுகள் கோப்பிக்கும் தேயிலைக்கும் கைமாறின. அந்தத் தோட்டங்களுக்குத்தான் எங்கள் முப்பாட்டன்மார் கப்பலேறி வந்தார்கள். சிங்கராஜம் அப்போது தப்பியது. நூறு வருடம் கழித்து, 1972இல், ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக இயந்திரம் கொண்டு மரம் வெட்டத் தொடங்கினார்கள். மரம் ஏற்றிய வண்டிகள் ஓடிய பாதைதான் இது. மக்கள் எதிர்த்தார்கள். 1977இல் வெட்டுவது நின்றது. 1988இல் உலக மரபுரிமையானது.

"எழுபத்தேழோ?" என்று அக்கா கேட்டார். வழிகாட்டி ஆமென்றார். அக்கா பாதையோரமாக நின்று ஒரு மரத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நடந்தார்.

இரவு மழை. தவளைச் சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. சோறு சமைத்துச் சாப்பிட்டு, பாட்டுப் பாடி, பதினொரு மணிக்குப் படுத்தோம். நான் தண்ணீர் குடிக்க எழும்பியபோது அக்கா விறாந்தையில் இருந்தார். பக்கத்தில் போய் இருந்தேன். உளவளத்துணைப் பயிற்சியில் படித்த கேள்வி எதையும் கேட்கவில்லை.

வெகுநேரம் கழித்து அவரே சொன்னார். "அண்டைக்கும் இப்பிடித்தான் தவளை கத்தினது, தங்கச்சி. தம்பி அழப்போறான் எண்டு அம்மா அவன்ர வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவ. அம்மாவின்ர கையைத்தான் நான் பாத்துக்கொண்டிருந்தனான்." தம்பி பிறகு முள்ளிவாய்க்காலில் காணாமல் போனவர். அதைப் பற்றி அவர் அன்று பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

காலையில் சிவந்த அலகும் நீல உடலுமாக நாலைந்து பறவைகள் மரக்கிளையில் சண்டை பிடித்தன. எல்லோரும் பார்க்க ஓடினார்கள். அக்கா மட்டும் எழும்பவில்லை, நன்றாக நித்திரை. பஸ்ஸுக்கு நேரமாகியும் யாரும் எழுப்பவில்லை.

இப்போது அடுத்த சீட்டு ஓடுகிறது. அக்கா போன வாரம் தொலைபேசியில் கதைத்தார். தங்கள் கிராமத்திலிருந்து எட்டுப் பேரைக் கூட்டிவருவாராம். படிவத்தில் தன் பெயரையே போடச் சொன்னார். வைக்கும்போது இன்னொன்றும் கேட்டார்:

"ஜனவரியில மழை குறைவெண்டால் அட்டையும் குறையும்தானே, தங்கச்சி?"