மலையில் மொச்சை ஏன் மெதுவாக வேகிறது? கேமரன் மலை லயத்து அடுப்பு சொல்லும் பதில்

“மலையில மொச்சை சீக்கிரம் வேகாது கண்ணு. இது தண்ணி வாகு” என்பார் என் பாட்டி. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர்.

ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறைக்குத் தாப்பாவிலிருந்து பேருந்தில் அவர் வீட்டுக்குப் போவோம். மழையும் பனிமூட்டமும் சேர்ந்து எலும்பு வரை குளிரும் காலம் அது. மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையான 7.8 டிகிரி செல்சியஸ், கேமரன் மலையில்தான் 1978 பிப்ரவரி 1ஆம் தேதி பதிவானது. அந்த அளவுக்கு நாங்கள் குளிரைப் பார்த்ததில்லை என்றாலும், லயத்து வீட்டில் எல்லாரும் விறகடுப்பைச் சுற்றியேதான் உட்கார்ந்திருப்போம். அடுப்பில் மொச்சைக் கருவாட்டுக் குழம்பு மணக்கும்.

அதே மொச்சையை அம்மா தாப்பாவில் ஒரு மணி நேரத்துக்குள் வேக வைத்துவிடுவார். பாட்டி வீட்டில் அது அரை நாள் அடுப்பில் கிடக்கும். ஏன்?

உயரம் செய்யும் வேலை

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால், ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை 1 டிகிரி இறங்கும். தானா ராத்தா சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே தளதளவெனக் கொதித்துவிடும்.

பார்வைக்கு ஒரே கொதிதான். ஆனால் சூடு 5 டிகிரி குறைவு. விறகை எவ்வளவு தள்ளினாலும் தண்ணீர் வற்றுமே தவிர, அதற்கு மேல் சூடேறாது. உலர்ந்த பயறு வகைகளுக்கு இந்த வித்தியாசம் பெரிது. காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பெரட்டுக்குப் போகும் முன்

காத்திருக்கத் தோட்டத்து வேலை நேரம் இடம் தருமா? பாட்டி அதற்கொரு வழி வைத்திருந்தார். இரவே மொச்சையை ஊற வைப்பார். விடியுமுன் எழுந்து ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவார். காய்ந்த மொச்சையில் இயற்கையாகவே சிறிது நச்சுப்பொருள் உண்டு. ஊற வைத்த நீரையும் முதல் கொதி நீரையும் கொட்டினால் அது பெருமளவு குறையும். பிறகு புதுத் தண்ணீர் ஊற்றி, தடித்த கட்டை ஒன்றைச் செருகிவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவார்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா இடையிடையே வந்து கட்டையைத் தள்ளிவிட்டு, தண்ணீரும் பார்த்துக்கொள்வார். அதனால் குழம்பு இறங்கியதும் முதல் கிண்ணம் அவர் வீட்டுக்குத்தான் போகும்.

மாலையில் வந்து மொச்சையை விரலால் நசுக்கிப் பார்த்த பிறகே புளி. “புளிய முன்னாடியே ஊத்துனா மொச்சை கல்லாட்டம் ஆயிரும்” என்பார். புளிப்பு, பயற்றின் தோலும் உட்பகுதியும் மென்மையாவதைத் தாமதப்படுத்தும் என்பதை அறிவியலும் ஏற்கிறது. கருவாடு கடைசியில்தான், முன்னால் போட்டால் கரைந்துவிடும்.

ஆட்டுக்கால் சூப்பு

சம்பள வாரத்தில் ஆட்டுக்கால் வரும். மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு இரவு முழுதும் சிறு தீயில் இருக்கும். எலும்பை ஒட்டிய சவ்விலுள்ள கொலாஜன் மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறும். அதற்கு வேண்டியது பெருந்தீ அல்ல, நேரம். மீந்த சூப்பு மறுநாள் காலையில் குளிரில் கட்டியாக உறைந்திருக்கும். கரண்டியால் வெட்டி எடுத்துச் சூடாக்கித் தருவார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தீ அணைந்து வெதுவெதுப்பாகக் கிடக்கும் உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சூப்பை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் நன்றாகக் கொதிக்கவிட்டுக் குடிப்பதே நல்லது.

கீழே இறங்கிய சட்டி

வேலை ஓய்வுக்குப் பின் தோட்டத்து வீட்டை ஒப்படைத்துவிட்டு, பாட்டி தன் மண்சட்டியோடு தாப்பாவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். கேஸ் அடுப்பில் முதல் முறை மொச்சை வைத்தபோது எல்லாம் குழைந்து கூழாகிவிட்டது. அடுத்த முறையும் அப்படியே. “என் கைப்பக்குவம் போயிருச்சு” என்று சொல்லி, பிறகு அவர் மொச்சைக் குழம்பே வைக்கவில்லை.

கை அப்படியேதான் இருந்தது. மலைக்குப் பழகிய நேரக்கணக்கைக் கீழேயும் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். தாப்பாவில் தண்ணீருக்கு 5 டிகிரி சூடு அதிகம். இதை நான் தெரிந்துகொண்டபோது சொல்லிக் கேட்க அவர் இல்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சமையல் குறிப்பு கேட்டு எழுதும்போது, எவ்வளவு புளி, எவ்வளவு மிளகாய்த்தூள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த ஊரில் சமைத்தார்கள், எந்த அடுப்பில், எந்தப் பாத்திரத்தில், வேலைக்குப் போகும் முன்பா வந்த பின்பா என்றும் கேட்டு எழுதுங்கள். பிரஷர் குக்கரில் அழுத்தம் கூடி, தண்ணீர் 120 டிகிரி வரை சூடேறுகிறது; மலையிலும் மொச்சை விரைவாக வெந்துவிடும். சமைப்பவருக்கு அது நிம்மதிதான். ஆனால் குக்கரில் வைத்த குழம்பு பாட்டி வைத்ததுபோல் இல்லையென்றால், கையைக் குறை சொல்லும் முன் ஊரையும் அடுப்பையும் கேட்டுப் பாருங்கள்.