நித்தியகல்யாணி தரும் மருந்து

நீரூற்றுவோர் இல்லாவிடினும் ஆண்டு முழுவதும் பூக்கும் செடி நித்தியகல்யாணி. சுடுகாட்டுப் பூ என்றும் நாம் அதனை அழைப்பதுண்டு. மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட இச்செடியே இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகள் பலரின் உயிரைக் காக்கும் மருந்துக்கு மூலம்.

ஜமைக்காவில் நீரிழிவுக்கு இதன் இலைக் கஷாயத்தை அருந்தும் வழக்கம் இருந்தது. 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் ஆகியோர் அதனை விலங்குகளிடம் ஆராய்ந்தனர். வாய்வழியே கொடுத்த சாறு இரத்தச் சர்க்கரையைக் குறைக்கவில்லை. ஊசி வழியே செலுத்தியபோதோ இரத்த வெள்ளணுக்கள் பெரிதும் குறைந்தன. வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்க்கு இது உதவக்கூடும் என்ற எண்ணம் பிறந்தது. 1958-இல் வின்பிளாஸ்டின் என்னும் வேதிப்பொருள் பற்றிய முடிவுகள் வெளியாயின. இதே செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

உயிரணு இரண்டாகப் பிரியும்போது, அதன் மரபுப் பொருளை நுண்குழல்கள் வடம்பிடித்தாற்போல இருபுறமும் இழுக்கின்றன. இம்மருந்துகள் அந்த வடம் உருவாகாமல் தடுக்கின்றன. பிரிய இயலாத உயிரணு மடிகிறது. ஆயின் நரம்புகளுக்கும் அதே நுண்குழல்கள் தேவை. எனவேதான் வின்கிரிஸ்டின் பெறுவோருக்குக் கை, கால்களில் மரத்துப்போதல், மலச்சிக்கல் போன்ற தொல்லைகள் நேர்கின்றன. உடல் பரப்பளவைக் கணக்கிட்டு, மில்லிகிராம் அளவில், சிரை வழியே மட்டுமே மருத்துவர்கள் இதனைச் செலுத்துகின்றனர்.

தமிழகத்தின் தென்மாவட்ட மானாவாரி நிலங்களிலும் நித்தியகல்யாணி பயிராகிறது. ஆயினும் ஒரு கிராம் மருந்துக்குப் பல நூறு கிலோ உலர்ந்த இலை வேண்டும். வீட்டில் காய்ச்சும் கஷாயத்தில் எந்த வேதிப்பொருள் எவ்வளவு உள்ளது என்பதை எவராலும் கூற இயலாது. அது நோயைத் தீர்க்காது, நஞ்சாகவும் மாறலாம். அதைவிடப் பெரிய இழப்பு, அதனை நம்பிக் கழியும் நாள்களே. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில், காலத்தே தொடங்கி முழுமையாகச் சிகிச்சை பெறுவோரில் பெரும்பாலோர் குணமடைகின்றனர்.

நம் வீட்டாருக்கோ அண்டை வீட்டாருக்கோ இந்நோய் என்று தெரியவந்தால், நாம் முதலில் நாட வேண்டியது புற்றுநோய் மருத்துவரை. மூலிகை எதையேனும் உட்கொண்டு வந்தால் அதனையும் அவரிடம் மறைக்காமல் கூறுவோம். செடியின் அருமையைப் போற்றுவோம். அதனை மருந்தாக்கும் பணியை அறிந்தோரிடம் விடுவோம்.