உண்ணி தரும் அவகாசம்

அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4,76,000 பேர் உண்ணி பரப்பும் லைம் நோய்க்காகச் சிகிச்சை பெறுகிறார்கள் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிட்டிருக்கிறது. இவர்களில் பெரும்பகுதியினர் வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். நியூ ஜெர்சி, கனெக்டிகட், மாசசூசெட்ஸ் என்று தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் மாநிலங்கள் அவை. இந்த எண்ணைக் கேட்டதும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இனிக் காட்டுப் பூங்காக்களுக்குப் போகவே வேண்டாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அங்கே பலருக்கு உண்ணி ஏறுவது சொந்த வீட்டுத் தோட்டத்தின் ஓரத்திலேதான். பூங்காவைத் தவிர்ப்பதால் மட்டும் யாரும் தப்பிவிட முடியாது. தப்பிக்க வைப்பது காலம். உண்ணி கடிப்பதற்கும் கிருமி உடலுக்குள் இறங்குவதற்கும் நடுவே ஓர் அவகாசம் உண்டு. காய்ச்சல் தொடங்குவதற்கும் அது உயிருக்கு ஆபத்தாவதற்கும் நடுவே இன்னோர் அவகாசம் உண்டு. இந்த இரண்டையும் வீணாக்காதவர்களில் மிகப் பெரும்பாலோர் கெடுதலின்றித் தப்பிவிடுகிறார்கள்.

முதல் அவகாசம் ஏன் கிடைக்கிறது என்பதை உண்ணியின் வயிற்றுக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். கனெக்டிகட்டில் உள்ள லைம் என்ற ஊரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் 1970களில் குழந்தைகள் பலருக்கு மூட்டுவாதம் வந்தது. இது தற்செயல் அல்ல என்று அங்கிருந்த தாய்மார்கள் விடாமல் முறையிட்டதால்தான் 1975இல் யேல் பல்கலைக்கழக மருத்துவர் ஆலன் ஸ்டீர் ஆராய்ச்சியில் இறங்கினார். காரணமான சுருள் வடிவ பாக்டீரியாவை 1981இல் உண்ணியின் குடலில் கண்டுபிடித்தவர் வில்லி பர்க்டார்ஃபர். அதனால் அதற்குப் பொரேலியா பர்க்டார்ஃபெரி என்று பெயர். இதில் கவனிக்க வேண்டியது குடல் என்பதை. பட்டினி கிடக்கும் உண்ணியின் குடலில் இந்தக் கிருமி முடங்கிக் கிடக்கிறது. வெதுவெதுப்பான ரத்தம் உள்ளே வந்த பிறகே அது தன் மேலுறைப் புரதத்தை மாற்றிக்கொண்டு, பெருகி, எச்சில் சுரப்பி வரை பயணப்படுகிறது. இதற்குப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும். 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லைம் தடுப்பூசி இந்தத் தாமதத்தையே நம்பி உருவானது. மனித ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் உண்ணியின் வயிற்றுக்குள் போய், கிருமி புறப்படும் முன்பே அதை அழித்துவிடும். இவ்வளவு அழகான யோசனை விற்பனை குறைந்ததால் 2002இல் சந்தையை விட்டே போனது பெரிய இழப்பு.

ஆகவே காட்டிலிருந்து திரும்பிய அன்று மாலையே குளித்து, உடம்பு முழுவதையும் பார்த்துவிட வேண்டும். பெரும்பாலும் நோயைத் தருவது இளம் உண்ணி. அது கசகசா அளவுதான் இருக்கும், கடிப்பது வலிக்காது. முழங்காலின் பின்மடிப்பு, தொடையிடுக்கு, அக்குள், தொப்புள், காதின் பின்புறம், தலைமுடி ஆகிய மறைவான இடங்களில்தான் அது போய் ஒட்டிக்கொள்ளும். கண்ணில் பட்டதும் கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல், நேராக மேலே இழுத்து எடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவதும் தீக்குச்சியால் சுடுவதும் பல நாடுகளில் வழக்கமாக இருக்கிறது. அவை உதவுவதில்லை. உண்ணி தானாக விடும் வரை காத்திருப்பது, கையில் இருக்கிற நேரத்தை நாமே அதற்குக் கொடுப்பதாகும். நோய் மிகுந்த பகுதியில் 36 மணி நேரத்துக்கு மேல் ஒட்டி ரத்தம் குடித்து உப்பிய உண்ணி என்றால், அதை எடுத்த 72 மணி நேரத்துக்குள் ஒரே ஒரு வேளை டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் தருவது அங்குள்ள மருத்துவர்களின் நடைமுறை.

வளர்ந்த உண்ணிகள் ரத்தம் குடிக்கும் மான்களை ஒழித்துவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காதே என்று கேட்பவர்கள் உண்டு. மேய்ன் மாநிலக் கடலோரத்தில் உள்ள மான்ஹீகன் தீவில் 1990களின் இறுதியில் மான்களை முழுவதுமாக அகற்றினார்கள். உண்ணிகளும் வெகுவாகக் குறைந்தன. ஆனால் அது கடல் சூழ்ந்த சிறு தீவு. பெருநிலத்தில் ஒரு காட்டில் குறைத்தால் பக்கத்துக் காட்டிலிருந்து மான்கள் வந்துவிடும். அதோடு, வளர்ந்த உண்ணிக்கு மான் உணவாகிறதே தவிர, உண்ணிக்குக் கிருமியைக் கொடுப்பது மான் அல்ல. முக்கியமாக வெண்கால் எலி.

இன்னும் வலுவான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. எல்லா உண்ணியும் ஒரு நாள் ஒட்டியிருப்பதில்லை. 1973இல் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவின் வடக்கு விளிம்பில் மரக்குடில்களில் தங்கியவர்களிலும் அங்கு வேலை செய்தவர்களிலும் 62 பேருக்கு, விட்டுவிட்டுத் திரும்ப வரும் மறுகாய்ச்சல் வந்தது. அந்தக் குடில்களின் கூரையிலும் சுவரிலும் அணில், எலி போன்ற கொறிவிலங்குகள் கூடு கட்டியிருந்தன. அந்தக் கூடுகளில் இருந்த மென்னுண்ணிகள் இரவில் இறங்கி வந்து, தூங்குகிறவர்களை அரை மணி நேரம் போலக் கடித்துவிட்டு, திரும்பிப் போய்விடும். காலையில் உடம்பைத் தேடிப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. இங்கே முதல் அவகாசம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். குடில்களில் கொறிவிலங்கு நுழையாமல் ஓட்டைகளை அடைப்பது பூங்கா நிர்வாகத்தின் பொறுப்பு. பயணியின் தலையில் அதைச் சுமத்த முடியாது. 1990இல் அதே இடத்தில் மீண்டும் நோய் வந்தது. காய்ச்சல் தொடங்க ஒரு வாரம் ஆகும் என்பதால், பயணிகள் ஊர் திரும்பிய பிறகே படுக்கையில் விழுகிறார்கள். பூங்காவின் நோய் பூங்காவில் தெரிவதில்லை. ஆகவே எங்கே போனோம், எங்கே படுத்தோம் என்பதை மருத்துவரிடம் நாமாகவே சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது அவகாசத்தின் அருமை ராக்கி மலைப் புள்ளிக்காய்ச்சலில் தெரிகிறது. மொன்டானாவின் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் பலரைக் கொன்ற இந்த நோயை உண்ணிதான் பரப்புகிறது என்று 1906இல் காட்டியவர் ஹோவர்ட் ரிக்கட்ஸ். 1910இல் மெக்சிகோவில் டைஃபஸை ஆராயப் போன இடத்தில் அந்நோய்க்கே பலியானார். ரிக்கெட்சியா என்ற பெயர் அவர் நினைவாக வந்தது. இந்தக் கிருமி ரத்தக்குழாய்களின் உட்சுவரைத் தாக்கிக் கசிய வைக்கிறது. இறந்துபோகிறவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் நோய் தொடங்கி எட்டு நாட்களுக்குள் இறக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் தெரியவோ ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். சோதனை முடிவுக்காகக் காத்திருந்தால் உயிரே போய்விடக்கூடும். சந்தேகம் வந்த உடனேயே, முடிந்தால் முதல் ஐந்து நாட்களுக்குள், டாக்ஸிசைக்ளின் தொடங்கச் சொல்வது இதனால்தான்.

உறுதிப்படாமல் ஆன்டிபயாட்டிக் கொடுப்பது நியாயமா என்ற கவலை சரியான கவலைதான். சாதாரண சளிக்கும் இருமலுக்கும் அதை வாரியிறைப்பதன் கேட்டை நாம் அனுபவித்துக்கொண்டிருக்கிறோம். இங்கே நிலைமை வேறு: போன இடமும், காய்ச்சலும், தடிப்பும் சேர்ந்து ஒரு நோயைச் சுட்டுகின்றன, மருந்து மலிவானது, தாமதத்தின் விலை உயிர். பிள்ளைகளின் பல் கறைபடும் என்ற பயமும் பெற்றோரிடம் இருக்கிறது. அது பழைய டெட்ராசைக்ளின் மருந்துகளால் வந்த அனுபவம். குறுகிய கால டாக்ஸிசைக்ளினால் பல் கறைபடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் தரலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டில் மழைக்காலத்தை ஒட்டி அதிகரிக்கும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலைப் பரப்புவது உண்ணி அல்ல; புதர்களில் இருக்கும் அதைவிடச் சிறிய சிற்றுண்ணியின் குஞ்சு. கிருமியும் வேறு. ஆனால் இரண்டாவது அவகாசம் இங்கேயும் அப்படியே பொருந்துகிறது, மருந்தும் பெரும்பாலும் அதே டாக்ஸிசைக்ளின்தான். கடித்த இடத்தில் வலியில்லாத ஒரு கருத்த பொருக்கு பலருக்கும் இருக்கும். அக்குளிலும் அரையிலும் மார்பின் கீழும் அது ஒளிந்திருப்பதால், சட்டையைக் கழற்றித் தேடாத மருத்துவருக்கும், சொல்லக் கூச்சப்படும் நோயாளிக்கும் அது தப்பிப் போய்விடுகிறது.