70 வளைவு ஏறினால் சூப்பு கிடைக்கும், சாமை கிடைக்குமா?
கொல்லிமலை சந்தைகளில் ஒரு சுற்று

(நமது நிருபர்)

கொல்லிமலைக்குப் போகிற ஜனங்களுக்கு மூன்று வேலை. அறப்பளீஸ்வரரைக் கும்பிட வேண்டும். ஆகாய கங்கையில் தலையைக் கொடுக்க வேண்டும். திரும்பும்போது ஒரு பை மிளகும் ஒரு பலாப்பழமும் வாங்கி வர வேண்டும். முதல் இரண்டையும் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மூன்றாவதைப் பற்றித்தான் இந்தச் செய்தி. மலையில் என்ன வாங்கலாம், என்ன குடிக்கலாம், எங்கே ஏமாறலாம், வாங்குகிற காசு யார் கைக்குப் போகிறது என்று ஒரு சுற்று பார்த்துவிடுவோம்.

நாமக்கல்லில் பஸ் ஏறினால் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளி. மலை அடிவாரம் அதுதான். அங்கிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் நம்பர் போட்டு போர்டு வைத்திருக்கிறார்கள். 20வது வளைவு வரை ஜன்னலோரம் வேடிக்கை பார்க்கிறவர்கள், 40க்கு மேல் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுகிறார்கள். சொந்த வண்டியில் போகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவர் நின்று ஒதுங்க வேண்டும். கியரைத் தள்ளிவிட்டு நியூட்ரலில் உருட்டுகிறவர்களின் பெயர் பல சமயம் மறுநாள் எங்கள் பேப்பரில் வேறு மாதிரி செய்தியாக வருகிறது.

மேலே போனால் ஊர்க்கணக்கே வேறு. 14 நாடுகள். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, வாழவந்தி நாடு, பைல் நாடு என்று பெயர் நீளும். 'நாடு' என்றதும் கோட்டை கொத்தளம் என்று நினைத்துவிட வேண்டாம். சில பட்டிகள் சேர்ந்தால் ஒரு நாடு. இங்கே இருப்பவர்கள் மலையாளிகள் என்ற பழங்குடியினர். கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்கிறவர்கள் என்பதால் மலையாளி, பேசுவது தமிழ். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் வந்தார்கள், அவர்கள் வழி வந்தவர்கள் நாங்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் மலையின் ஜனத்தொகை 40 ஆயிரத்தைச் சுற்றி.

ஆடு இல்லாத ஆட்டுக்கால் சூப்பு!

சோளக்காட்டில் இறங்கியதும் கண்ணில் படுவது, கம்பளிப் புழு மாதிரி பழுப்பு முடியோடு குவித்து வைத்திருக்கும் கிழங்கு. முடவாட்டுக்கால். ஆட்டுக்காலைத் தீயில் வாட்டுவதற்கு முன் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும். முடவனையும் ஆட்டிவைக்கும் கால் என்று பெயருக்கு விளக்கம் சொல்வார்கள்.

மேல் தோலை முடியோடு சீவி எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் வெளுத்த பாகத்தைத் துண்டு போட்டு, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு இடித்துக் கொதிக்க வைக்கிறார்கள். மேலே கொத்தமல்லித் தழை. வாசனை சும்மா சொல்லக்கூடாது, சைவக்காரர்கள் கூட ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கு மேல் படி. இறங்கி ஏறி வந்தவருக்கு முழங்கால் இரண்டும் தந்தி அடிக்கும். அந்த நேரத்தில் 'வாங்க சார், முட்டிவலிக்கு ஒரு சூப்பு' என்று கூப்பிட்டால் யார் வேண்டாம் என்பார்?

4,448 வியாதியும் தீரும் என்று சிலர் அளக்கிறார்கள். அதை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மலைக்குளிருக்கு மிளகு போட்ட சூடான சூப்பு இதமாக இருக்கும். அதுவரைக்கும் சத்தியம்.

வாசகர்களுக்கு ஒரு தகவல். இது உண்மையில் கிழங்கே இல்லை. பாறையிலும் மரத்திலும் ஒட்டிப் படரும் ஒரு பெரணிச் செடியின் தண்டு. செடிக்கு உயிர்நாடி அதுதான். முளைக்கிற நுனியை விட்டுவைத்தால் மறுபடி படரும். வழித்து எடுத்தால் பாறை மொட்டை. முன்பு மலையில் மட்டும் விற்றது. இப்போது கீழே நகரத்து ரோட்டோரங்களிலும் கூடை கூடையாக உட்கார்ந்திருக்கிறது. தோட்டம் போட்டு வளர்த்த சரக்கு அல்ல, எல்லாம் காட்டில் பெயர்த்தது. வாங்குகிற கிலோ கணக்கைப் பார்த்தால், பாறைகள் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்ற கேள்வி வரத்தான் செய்கிறது.

இன்னொரு 'பானம்' பற்றியும் கிரைம் நிருபர் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். மலைக்கு வந்தால் 'மலைச் சரக்கு' கிடைக்குமா என்று காதோரம் விசாரிக்கிற ஆசாமிகள் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்ததை மறந்துவிட்டவர்கள் அவர்கள். சூப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது.

காப்பிக்கும் இது ஊர்தான். சவுக்கு என்று இங்கே சொல்லும் சில்வர் ஓக் மர நிழலில் காப்பிச் செடி, அதே மரத்தில் மிளகுக்கொடி. ஆனால் கடையில் உட்கார்ந்தால் கிளாசில் வருவது டீ! காப்பி காயாகவே மூட்டை கட்டி இறங்கிவிடுகிறது.

மிளகில் எத்தனை விளையாட்டு!

தையிலிருந்து பங்குனி வரை மிளகு பறிப்பு. பறித்ததும் பச்சையாக இருக்கும். வெயிலில் காயக் காயக் கறுக்கும். 3 கிலோ பச்சைக்கு ஏறக்குறைய 1 கிலோதான் காய்ந்த மிளகு. இந்தக் கணக்கில்தான் விளையாட்டே இருக்கிறது. வீட்டில் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் என்று வந்தால் மலைக்காரர் காய வைக்கக் காத்திருக்க முடியாது. பச்சையாகவே போட்டுவிடுகிறார். அதற்கும் முன்னால், கொடியில் காய் இருக்கும்போதே மொத்தமாக விலை பேசி முன்பணம் வாங்குவதும் உண்டு. பலா மரத்துக்கும் இதே கதை. பணம் கொடுத்தவர் சொன்னதுதான் விலை. அறுவடையில் விலை ஏறினால் லாபம் அவருக்கு. அந்த ஏற்றத்தில் மரத்துக்குச் சொந்தக்காரருக்குப் பங்கு இல்லை.

மலைவாழ் மக்களுக்கென்று லேம்ப் கூட்டுறவு சங்கம் இருக்கிறது. கடன் கொடுப்பதும் விளைபொருளை விற்றுக் கொடுப்பதும் அதன் வேலை. ஆனால் ராத்திரி எட்டு மணிக்குக் கதவைத் தட்டினால் பணம் எடுத்துத் தருகிறவர் வியாபாரிதானே. பாரமும் ஜாமீனும் கேட்காத கடன் அது. வட்டி தனியாகத் தெரியாது. மிளகு விலையில் கழிந்துவிடும்.

வாங்குகிற நாம் ஏமாறுவது வேறு வழியில். காய்ந்த பப்பாளி விதையை மிளகோடு கலப்பது ஊருக்கு ஊர் நடக்கிற பழைய திருட்டு. மிளகு உருண்டை, பப்பாளி விதை கொஞ்சம் நீள்வாக்கில் இருக்கும். ஒன்றைக் கடித்துப் பாருங்கள். நாக்கு சுருக்கென்று எரியாவிட்டால் பையை அங்கேயே வைத்துவிட்டு நடையைக் கட்டலாம். பெரிய வியாபாரிகள் லிட்டர் படியில் அளந்து எடை போடுகிறார்கள். நல்ல மிளகு என்றால் லிட்டர் 500 கிராமுக்கு மேல் நிற்கும். சொத்தையும் சாவியும் என்றால் எடை விழுந்துவிடும். மலைத்தேனுக்கு இப்படி ஒரு சுலபச் சோதனை கிடையாது. தண்ணீரில் விடு, தீக்குச்சியில் தடவு என்று சொல்லும் வித்தை எதையும் நம்ப முடியாது. தெரிந்த ஆளிடம் வாங்குவது ஒன்றே வழி.

சோளக்காடு, தெம்பளம் சந்தைகளில் வாழைத்தார், அன்னாசி, பலா எல்லாம் வரும். தலையில் கூடையோடு வருகிற அம்மாவிடம் விலை கேட்டால், 'நீங்களே ஒரு விலை சொல்லுங்க சாமி' என்பார். நாம் பாதி விலை சொல்வோம். பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று அவரும் கொடுத்துவிடுவார். அதே பழம் அடிவாரம் போனதும் என்ன விலை என்று மட்டும் ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். ஆடி 17, 18ல் வல்வில் ஓரி விழாவும் அறப்பளீஸ்வரர் கோயில் கூட்டமும் சேரும்போது மட்டும் பேரம் கொஞ்சம் மலைக்காரர் பக்கம் சாய்கிறது.

கைத்தொழில் எங்கே இருக்கிறது?

கைவினைப் பொருள் வாங்கலாம் என்று வருகிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கோயில் பக்கம் தொங்குகிற பிளாஸ்டிக் பொம்மை, வளையல், செயின் எல்லாம் நம்மோடு பஸ்சில் ஏறி வந்தவை. மலையின் கைத்தொழில் விற்பனைக்கு இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. மூங்கில் கூடை, முறம், புடைக்கிற தட்டு. மூங்கிலை வளைத்துப் பின்னி, மண்ணும் சாணமும் பூசிய தானியக் குதிர். வாசலில் உரல், உலக்கை. பைல் நாடு என்ற பெயரைக் கேட்டே இராத டூரிஸ்டுகள்தான் அதிகம். அந்த மாதிரி நாடுகளின் பட்டிகளில் பழைய வீடுகள் உள்ள இடத்தில் பார்த்தால் இது புரியும்.

அந்தக் குதிர் எதற்கு? சாமைக்கு. தினைக்கு. கேழ்வரகுக்கு.

இந்த மலை சோறு தின்றதே சாமையில்தான். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை, கருஞ்சாமை என்று ரகம் ரகமாக வைத்திருந்தார்கள். கேழ்வரகுக் களியும் கூழும் அன்றாடச் சாப்பாடு. இன்றைக்குச் சந்தையில் அன்னாசியை எண்ணி முடியாது, சாமையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

காரணம் கேட்டால் எல்லாரும் மரவள்ளியைக் காட்டுகிறார்கள். உண்மைதான். சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். 1981ல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவு வந்தது. 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தொழில் வளர வளர மலைச்சரிவெல்லாம் மரவள்ளி ஏறிவிட்டது. கையில் ரொக்கம் வந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் விலை வைப்பது மலையில் அல்ல. ஆலையில் கிழங்கைத் தண்ணீரில் முக்கி எடை பார்த்து, மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று கணக்குப் போடுகிறார்கள். பாயிண்டுக்கு இத்தனை ரூபாய். தராசு கீழே, கிழங்குக்காரர் மேலே. இரண்டுக்கும் நடுவில் 70 வளைவு! கிழங்கு பிடுங்கிய சரிவில் மழை பெய்தால் மேல்மண்ணும் சேர்ந்து இறங்குகிறது.

ஆனால் மரவள்ளி மட்டும் குற்றவாளி அல்ல. ரேஷன் அரிசி வந்தது. அதைவிடப் பெரிய காரணம் உரல். சாமைக்கு உமி ஒட்டிக்கொண்டிருக்கும். காய வைக்க வேண்டும், குத்த வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடி குத்த வேண்டும். நாலு பேர் சாப்பாட்டுக்குப் பொம்பளைகளின் தோள்பட்டை கழன்றுவிடும். காட்டு வேலை முடித்து வந்து இதையும் செய் என்றால் யார் செய்வார்கள்? வெந்த அரிசிச் சோறு கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது உலக்கையைக் கீழே போட்டவர்களைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் கிடையாது. நெல்லுக்கு ஊருக்கு ஊர் மில் வந்தது; சாமைக்கு யாரும் மில் வைக்கவில்லை.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலைக்கு வந்தபோது, விதையைக் காப்பாற்றுவது ஒரு பக்கம் இருக்கட்டும், உலக்கைக்கு வழி பண்ணாமல் ஒன்றும் நடக்காது என்பது தெளிவானது. 2000க்குப் பிறகு உமி நீக்கும் சிறு மில்களைப் பட்டிகளில் வைத்தார்கள். மகளிர் குழுக்கள் ஓட்டின. சாமை அரிசி, தினை மாவு, மால்ட்டு என்று பாக்கெட் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். விவசாயிகளின் கூட்டமைப்பும் ஏற்பட்டது. மூட்டையாக விற்ற சாமைக்கும் பாக்கெட்டாக விற்ற சாமைக்கும் உள்ள விலை வித்தியாசம் முதல் தடவையாக மலையிலேயே நின்றது.

அப்புறம் 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. பட்டணத்தில் சாமைப் பொங்கல், தினை பிஸ்கட் என்று கடை கடையாக போர்டு. தமிழ்நாட்டில் ரேஷனில் அரிசிக்குப் பதில் கேழ்வரகு தரும் திட்டம் அந்த ஆண்டு முதலில் வந்தது தர்மபுரிக்கும் நீலகிரிக்கும். டாக்டர் சொன்னார் என்று நகரத்துக்காரர் கிலோ கணக்கில் சாமை வாங்குகிறார். மலையில் குதிர் வைத்திருந்த வீட்டில் பொங்குவது ரேஷன் அரிசி.

ஆகவே மலைக்குப் போகிறவர்கள் மிளகோடு திரும்பாமல், சோளக்காட்டிலோ செம்மேட்டிலோ மகளிர் குழுக்காரர்கள் சாமை எங்கே விற்கிறார்கள் என்று ஒரு வார்த்தை விசாரிக்கலாம். பட்டணத்து சூப்பர் மார்க்கெட்டில் விற்கிற மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தால் தவிடு போய்விட்டது என்று அர்த்தம். லேசாக மங்கின நிறத்தில் இருப்பதே நல்லது. ஆனால் தவிடு உள்ள சாமை சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வண்டு விழும். ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்து வாங்க வேண்டாம். நன்றாகக் களைந்து கல் அரித்து, ஒரு டம்ளர் சாமைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் வைத்து, கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடிவிட்டால் கால் மணியில் சோறு தயார்.