வெளிநாட்டு நிதியுதவித் திட்டம்: லாப நட்டம் பார்ப்பது எப்படி?

வெளிநாட்டு உதவியால் கிராமம் முன்னேறியது என்பார் ஒரு சாரார். பணம் பாழாயிற்று என்பார் மற்றொரு சாரார். கிராமத்தார் கையில் காசு புழங்கினால்தான் நமக்கு வியாபாரம். ஆகவே, எது உண்மை என்று அறிவது நமக்கும் அவசியமாகிறது.

நாம் நன்கறிந்த உதாரணம் மகளிர் சுயஉதவிக் குழுக்கள். ஐ.நா. அமைப்பான சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் கடனுதவியுடன் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் இத்திட்டம் தொடங்கியது. பின்னர் சேலம், தென்னாற்காடு, மதுரை, ராமநாதபுரம் மாவட்டங்களுக்கும் பரவியது. வந்த பணம் இனாமல்ல. வட்டி குறைந்த, தவணை நீண்ட கடன். 1997-98 முதல் தமிழக அரசு தன் சொந்த நிதியில் 'மகளிர் திட்டம்' என்று இதனை மாநிலமெங்கும் விரிவுபடுத்தியது. வெளிப்பணம் நின்ற பின்னும் குழுக்கள் நிலைத்தன. இது வரவுப் பக்கம் எழுத வேண்டியதே. ஆனால் குழு நிலைத்ததால் மட்டும் வருமானம் உயர்ந்தது என்று முடிவு கட்டலாகாது. அதற்கு மூன்று சோதனைகள் உண்டு.

1. ஆரம்ப இருப்பு: இருப்பு எடுக்காமல் ஆண்டுக் கணக்கு முடிக்க முடியுமா? நம் ஆத்தூர் வட்டாரத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. காந்திகிராமத்தில் 1959-ல் போர்டு பவுண்டேஷன் உதவியுடன் சுகாதாரத் திட்டம் தொடங்கியபோது பிறப்பு விகிதத்தைக் கணக்கெடுத்தனர். அன்று ஆயிரத்துக்குச் சுமார் 43. 1968-ல் சுமார் 28. தொடக்கக் கணக்கு இருந்ததால்தான் மாற்றம் தெரிந்தது.

2. பக்கத்து ஊர்: திட்டம் நடந்த ஊரில் மாத விற்பனை 50,000 ரூபாயிலிருந்து 60,000 ஆனதாக வைத்துக்கொள்வோம். திட்டமில்லாத பக்கத்து ஊரிலும் அதே 50,000 விற்பனை 58,000 ஆகியிருந்தால், அந்த 8,000 மழையாலும் விலைவாசியாலும் வந்தது. திட்டத்தின் பலன் 2,000 மட்டுமே.

3. கடன் எங்கே போனது: கடைப் பாக்கி தீர்ந்து, அதே தொகை குழுக்கடனாகவோ கந்துவட்டியாகவோ ஏறியிருந்தால் அது முன்னேற்றமன்று, கடன் இடம் மாறியதே. கறவை மாட்டிலோ கைத்தொழிலிலோ வந்த வருமானத்தில் பாக்கி தீர்ந்திருந்தால் அதுவே உண்மையான லாபம்.

எத்தனை குழு அமைத்தோம், எத்தனை லட்சம் வழங்கினோம் என்பதெல்லாம் செலவுக் கணக்கு. அரைக் கிலோ அரிசியாக அன்றாடம் வாங்கிய குடும்பம் மாதச் சாமான் பட்டியலோடு ரொக்கத்துக்கு வருகிறதா? ஆடிப் பஞ்சத்திலும் அது தொடர்கிறதா? இதற்கு விடை நம் பற்றுவரவு ஏட்டிலேயே உள்ளது.

ஆய்வாளர்கள் வந்து கேட்டால், வாடிக்கையாளர் பெயரை வெளியிடாமல் இந்த விவரங்களை நாம் தாராளமாகச் சொல்லலாம். குழுக்கள் தயாரிக்கும் மசாலாப் பொடி, அப்பளம் போன்றவை எடையும் தரமும் சரியாக இருந்தால் நம் கடையில் இடம் தந்து, கிரயத்தை அன்றே கொடுப்போம். விற்ற சரக்குக்கு உடனே பணம் வந்தால்தான் அடுத்த சரக்கு. இது அவர்களுக்கும் பொருந்தும்.